6 வோல்ட் பீட்டிலை 12 வோல்ட்டாக மாற்றுவது: புதிதாக இறங்குகிறவர்களுக்கு

டர்பனில் ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை வாங்கி வாசலில் நிறுத்தினால் போதும். பார்க்க வருகிறவர்கள் சொல்லும் முதல் யோசனை, "இதை 12 வோல்ட் ஆக்கிவிடுங்கள்" என்பதாகத்தான் இருக்கும். யோசனை தப்பில்லை. ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைத்து இறங்குகிறவர்கள், அன்றைக்கே நாலைந்து பல்பையும் வைப்பர் மோட்டாரையும் கருக்கிவிட்டு, வண்டியை ஒரு மூலையில் மூடி வைக்கிறார்கள். வேலை அப்படியொன்றும் கடினமானது இல்லை. எதை எந்த வரிசையில் செய்வது, எதைத் தொடாமல் விடுவது என்று தெரிந்திருந்தால், ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த யாரும் ஒரு வாரக் கடைசியில் செய்துவிடலாம்.

இதைப் பீட்டிலை வைத்தே எழுதுகிறேன். 1951 ஆகஸ்ட் மாதத்தில் தென்னாப்பிரிக்காவின் யூட்டன்ஹேக் தொழிற்சாலையில் முதல் பீட்டில் வெளிவந்தது. 1979 ஜனவரியில்தான் கடைசி வண்டி. இப்போது கரீகா என்று பெயர் மாறிவிட்ட அந்த ஊரிலிருந்து வந்த வண்டிகள் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் இன்னும் ஓடுகின்றன, உதிரிப் பாகமும் கிடைக்கிறது. வேறு வண்டி வைத்திருக்கிறவர்களுக்குக் கடைசிப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன்.

உங்கள் வண்டி 6 வோல்ட்தானா?

வண்டியின் வருடத்தை மட்டும் நம்பாதீர்கள். அறுபது வருடத்தில் எத்தனை பேர் கை வைத்தார்களோ. என்ஜின் ஒரு வண்டியிலிருந்தும் பாடி இன்னொன்றிலிருந்தும் வந்திருக்கலாம். பின் ஸீட்டைத் தூக்கி, வலது பக்கம் இருக்கும் பேட்டரியைப் பாருங்கள். தண்ணீர் ஊற்றும் மூடி மூன்று இருந்தால் 6 வோல்ட், ஆறு இருந்தால் 12. ஒவ்வொரு அறைக்கும் சுமார் 2 வோல்ட் என்று கணக்கு. மூடியே தெரியாத புது மாதிரி பேட்டரி என்றால் மீட்டரை வையுங்கள்: நன்றாகச் சார்ஜ் ஏறிய 6 வோல்ட் பேட்டரி 6.3 காட்டும், 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேல் காட்டும்.

அப்படியே டைனமோவின் (என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் கருவி) உடம்பில் இருக்கும் தகட்டையும், ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் காயிலின் அடியில் அடித்திருக்கும் எழுத்தையும், ஹெட்லைட் பல்பின் கழுத்தையும் படித்துவிடுங்கள். பாதி மாற்றிவிட்டு விட்டுப்போன வண்டிகள் நிறைய. 12 வோல்ட் பேட்டரி, 6 வோல்ட் காயில் என்று கலப்படமாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை வாங்கியிருந்தால், உங்கள் வேலை மாற்றுவது இல்லை, முடித்துவைப்பது.

மாற்றத்தான் வேண்டுமா?

டோங்காட் பக்கம் ஒரு பெரியவர் தன் பீட்டிலை இன்றுவரை 6 வோல்ட்டிலேயே ஓட்டுகிறார். "தம்பி, வயரைச் சுத்தம் பண்ணச் சோம்பல்படுகிறவன்தான் வோல்ட்டை மாத்துவான்" என்பார். அவர் சொல்வதை முழுக்க ஏற்க மாட்டேன். ஆனால் முதல் வேலை எது என்பதில் அவர் பக்கம்தான் நியாயம்.

கணக்கைப் பாருங்கள். 45 வாட் ஹெட்லைட் பல்பு 6 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் இழுக்கும். அதே 45 வாட் 12 வோல்ட்டில் 3.75 ஆம்பியர்தான். இப்போது துருப்பிடித்த ஓர் எர்த் இணைப்பில் (வண்டியின் உலோக உடம்பு வழியாக மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை) 0.1 ஓம் மின்தடை இருக்கிறது என்று வையுங்கள். 6 வோல்ட் வண்டியில் அங்கேயே 0.75 வோல்ட் தின்றுவிடும். மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. 12 வோல்ட்டில் அதே இடத்தில் 0.375 வோல்ட்தான் போகும், மொத்தத்தில் மூன்று சதவீதம். இழை பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் அதைவிட அதிகமாகக் குறையும். எட்டில் ஒரு பங்கு வோல்ட் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் போய்விடும். ஆக, 12 வோல்ட் வண்டி அழுக்கை மன்னிக்கும், 6 வோல்ட் வண்டி மன்னிக்காது. டர்பன் கடற்காற்றில் உப்பு வேறு. பிளஃப் பக்கம் வெளியில் நிற்கும் வண்டியின் டெர்மினலில் பச்சைக் களிம்பு பூத்திருக்காவிட்டால்தான் ஆச்சரியம். கடலிலிருந்து தள்ளியிருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஓடிய வண்டி இந்த விஷயத்தில் புண்ணியம் செய்தது.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஹெட்லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனையைப் பேட்டரி ப்ளஸ்ஸிலும் கறுப்பு முனையைப் பல்பு ஹோல்டரில் மின்சாரம் வரும் டெர்மினலிலும் தொடுங்கள். காட்டும் எண் எவ்வளவோ, அவ்வளவும் வழியில் தொலைந்துபோகிறது. அப்புறம் சிவப்பைப் பல்பின் எர்த்திலும் கறுப்பைப் பேட்டரி மைனஸிலும் வையுங்கள். இது எர்த் பக்கம் தொலைவது. இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி பேட்டரி இல்லை, இணைப்புகள். ஃபியூஸ் பிடிக்கும் பித்தளை நாக்குகள், ஹெட்லைட் ஸ்விட்ச், காலால் மிதிக்கும் டிப் ஸ்விட்ச், ஹெட்லைட் கிண்ணத்துக்குள் எர்த் வயர் திருகு, எல்லாவற்றையும் நுண்ணிய உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து மீண்டும் இறுக்குங்கள்.

முக்கியமாக ஒன்றை மறக்காதீர்கள்: கியர்பாக்ஸ் முன்பக்கத்திலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் பட்டை. பீட்டிலில் என்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மீது உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கு எர்த் கொடுப்பது அந்தப் பட்டைதான். அது அறுந்திருந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரும் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். ஸ்டார்ட் செய்த பிறகு கிளட்ச் கேபிள் சூடாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், பட்டை போய்விட்டது. புதுப் பட்டை ஒன்று போட்ட மாத்திரத்தில், "12 ஆக்கினால்தான் ஸ்டார்ட் ஆகும்" என்று தீர்ப்புச் சொல்லப்பட்ட வண்டிகள் உயிர்பெற்றிருக்கின்றன.

இதெல்லாம் செய்த பிறகு வெளிச்சம் போதும் என்று தோன்றினால், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கடற்கரைக்கும் மட்டும் ஓட்டுகிற வண்டி என்றால், நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் மிச்சம், வண்டியும் பிறந்தபடியே இருக்கும். இரவில் என்-3 நெடுஞ்சாலை பிடித்து டவுன் ஹில் மூடுபனியில் ஏறுகிறவர்கள், 6 வோல்ட் பேட்டரிக்கும் பல்புக்கும் அலைந்து சலித்தவர்கள், போன் சார்ஜ் செய்ய வேண்டும், நல்ல ரேடியோ வேண்டும் என்கிறவர்கள், மேலே படியுங்கள். சுத்தம் செய்த உழைப்பு எப்படியும் வீணாகாது. 12 வோல்ட் ஆக்கும் முன்னும் அதைச் செய்தே ஆக வேண்டும்.

எது இருக்கும், எது போகும்

முதலில் நல்ல செய்தி. வயர்களை மாற்ற வேண்டியதில்லை. 6 வோல்ட் வண்டியின் வயர்கள் இரண்டு மடங்கு மின்னோட்டத்துக்காகப் போடப்பட்டவை, அதனால் தடிமனானவை. 12 வோல்ட்டில் அவற்றுக்குப் பாதி வேலைதான். துணி உறையும் ரப்பரும் நொறுங்கிக் கொட்டாமல் இருந்தால் அப்படியே விடுங்கள்; நொறுங்கினால் எந்த வோல்ட்டிலும் அந்த வயர் ஆகாது. ஸ்விட்சுகள், ஃபியூஸ் பெட்டி, டிஸ்ட்ரிப்யூட்டர், பாயின்ட், கண்டென்சர், ஸ்பார்க் பிளக், பிரேக் லைட் ஸ்விட்ச், ஆயில் பிரஷர் ஸ்விட்ச் எல்லாம் அப்படியே இருக்கலாம். 1962-லிருந்து சில வருடங்கள் வந்த பெட்ரோல் முள் கேபிளில் ஓடுவது, மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃபியூஸையும் பெரிதாக்க வேண்டாம். வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16 ஆம்பியர், முன்பு எது எங்கே இருந்ததோ அதுவே.

மாற்ற வேண்டியவை: பேட்டரி, டைனமோ, அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், இக்னிஷன் காயில், வண்டியில் இருக்கும் ஒவ்வொரு பல்பு, இண்டிகேட்டர் ஃபிளாஷர், ஹாரன், வைப்பர் மோட்டார். கார்புரேட்டரில் தானியங்கிச் சோக் இருந்தால் அதன் சூட்டுச் சுருள், ஐட்லிங்கை நிறுத்தும் மின்வால்வு இருந்தால் அதுவும். கதவுத் தூணிலிருந்து நீளும் கைகாட்டி இண்டிகேட்டர் உள்ள பழைய வண்டியா? அதற்குள் இருக்கும் சுருளை 12 வோல்ட்டுக்கு மாற்றிச் சுற்ற வேண்டும், அல்லது அதற்கேற்ற மின்தடை போட வேண்டும். இல்லையென்றால் கை ஒருமுறை அழகாக நீளும், அப்புறம் நீளாது.

எல்லாவற்றையும் வாங்கி மேசைமேல் பரப்பிய பிறகுதான் முதல் ஸ்பானரை எடுக்க வேண்டும். "இன்றைக்கு டைனமோ, அடுத்த மாதம் பல்பு" என்று தவணையில் செய்கிற வேலை இல்லை இது. பாதியில் நிற்கும் வண்டியில் 6-ம் 12-ம் கலந்துவிடும். கழற்றுகிற பழைய பாகங்களை ஓர் அட்டைப்பெட்டியில், ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, பத்திரமாக வையுங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது அந்தப் பெட்டிக்கு விலை உண்டு.

பேட்டரி

மைனஸ் கேபிளை முதலில் கழற்றுங்கள். மோதிரம், கடிகாரம், கையில் கட்டிய வெள்ளிக் காப்பு எல்லாம் வீட்டுக்குள் இருக்கட்டும். பேட்டரியைத் தூக்கியதும் அதன் அடித்தட்டைப் பாருங்கள். ஆசிட் ஒழுகி ஓட்டை விழுந்திருப்பது சகஜம். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கலந்து ஊற்றினால் மிச்சமிருக்கும் ஆசிட் நுரைத்து அடங்கும். கழுவி, காயவைத்து, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடியுங்கள். தட்டே இற்றுப் போயிருந்தால் வெல்டிங் இப்போதே. 12 வோல்ட் பேட்டரியின் அளவு வேறாக இருக்கும். பிடிப்புப் பட்டை பழையது பொருந்தாது, அதையும் சேர்த்து வாங்குங்கள்.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பீட்டிலின் பின் ஸீட்டுக்குள் இரும்பு ஸ்பிரிங், அதன்மேல் நார் அடைப்பு. கனமான இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்தால் ஸ்பிரிங் தொய்ந்து பேட்டரி முனைகளைத் தொட இடமுண்டு. உயரம் அதிகமான பேட்டரி என்றால் கட்டாயம் தொடும். தொட்டால் ஸ்பிரிங் நிமிடத்தில் பழுக்கும், நார் பற்றிக்கொள்ளும். கல்யாண வண்டியாக அலங்கரித்து, பட்டுப்புடவையோடு மாமியும் பாட்டியும் ஏறி உட்காரும் நாளில் நடக்கக் கூடாத விஷயம். எனவே கடைக்குப் போகும்போது டேப் எடுத்துப் போங்கள். தட்டிலிருந்து ஸீட்டின் அடி வரை உயரத்தை அளந்து, முனைகளோடு சேர்த்து மேலே நல்ல இடைவெளி விடும் பேட்டரியை மட்டும் வாங்குங்கள். ப்ளஸ் முனைக்கு ரப்பர் தொப்பி, பேட்டரி முழுவதற்கும் மின்சாரம் கடத்தாத மூடி. அந்தக் காலத்து வண்டிகளுக்கு மூடி கம்பெனியிலிருந்தே வந்தது. பெரும்பாலும் யாரோ தூக்கி எறிந்திருப்பார்கள். கனமான ரப்பர் பாயை வெட்டிப் போட்டாலும் சரி, வெறுமையாக மட்டும் விடாதீர்கள்.

இப்போதைக்குப் பேட்டரியை வைத்து இறுக்குங்கள். கேபிளை இணைக்க வேண்டாம். அது கடைசியில்.

டைனமோ

இந்த வேலையில் நேரம் எடுப்பது இதுதான். 6 வோல்ட் டைனமோவின் உடம்பு 90 மில்லிமீட்டர் விட்டம். 12 வோல்ட்டின் வழக்கமான டைனமோ 105. எனவே அது உட்காரும் ஸ்டாண்டும், அதைக் கட்டும் பட்டையும் சேர்த்தே மாற வேண்டும். ஸ்க்ராப் யார்டில் வாங்கினால் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து கேளுங்கள். தனித்தனியாகச் சேர்த்தால், பொருந்தவில்லை என்று இரண்டாம் நடை போக வேண்டியிருக்கும்.

பெல்ட்டைக் கழற்ற 21 மில்லிமீட்டர் ஸ்பானர், விசிறி நட்டுக்கு 36. விசிறி நட் லேசில் அசையாது. டைனமோ வண்டியில் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள், கழற்றி மேசையில் வைத்தபின் பிடிமானம் கிடைக்காது. காயில், வயர்கள், கட்டுப்பட்டை எல்லாம் விடுவித்து, விசிறிக் கூட்டை மேலே தூக்கினால் டைனமோவும் விசிறியும் சேர்ந்து வெளியே வரும். வயர்களைக் கழற்றும் முன் போனில் இரண்டு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விசிறியின் பின்னால் இருக்கும் மெல்லிய வளையங்கள் எந்த வரிசையில் இருந்தனவோ, அந்த வரிசையைக் கலைக்காதீர்கள். விசிறிக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் அளவில் இடைவெளி வைப்பது அவைதான். விசிறி உரசினால் சத்தம் மட்டும் இல்லை, என்ஜினுக்குக் காற்றும் போகாது. காற்றால் குளிரும் என்ஜின் என்பதை மறக்க வேண்டாம்.

புது டைனமோவை மாட்டும் முன் மேசையிலேயே ஒரு சோதனை. டைனமோவின் உடம்பைப் பேட்டரி மைனஸோடு இணையுங்கள், டிஎஃப் (DF) என்று எழுதிய முனையையும் உடம்போடு இணையுங்கள், டி ப்ளஸ் (D+) முனையைப் பேட்டரி ப்ளஸ்ஸில் ஒரு கணம் தொடுங்கள். நல்ல டைனமோ என்றால் மோட்டார் மாதிரி மெல்லச் சுழலும். சுழன்றால் இரண்டு நன்மை: உள்ளே சுருளும் பிரஷ்ஷும் சரி என்று தெரிந்தது, அதோடு அதன் காந்த முனைகளும் உங்கள் வண்டிக்கேற்பத் திசைபிடித்தன. சுழலவில்லை என்றால் கடைக்காரரிடமே திரும்பக் கொண்டுபோங்கள். வண்டியில் மாட்டிய பிறகு இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சுகமும் இல்லை. இது பாஷ் டைனமோவுக்கு மட்டும் பொருந்தும் முறை. லூகாஸ் டைனமோவின் உள்ளிணைப்பு வேறு, அதற்கு இதைச் செய்யாதீர்கள்.

டைனமோவா, அதே வேலையைச் செய்யும் புது மாதிரிக் கருவியான ஆல்டர்னேட்டரா? பீட்டிலுக்கு இரண்டும் கிடைக்கும். டைனமோ, என்ஜின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் செய்யாது. தைப்பூசக் காவடி நாளிலும், புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் பக்கமும் ஹெட்லைட்டைப் போட்டபடி ஊர்ந்து போகிற வண்டிக்கு ஆல்டர்னேட்டர்தான் நிம்மதி. ஐட்லிங்கிலும் அது மின்சாரம் தரும். ரெகுலேட்டரும் அதற்குள்ளேயே இருக்கிற மாதிரி வாங்கினால் வயர் வேலை குறைவு. என்ஜின் மூடியைத் திறந்து காட்டிப் பெருமைப்படுகிற ஆள் என்றால் டைனமோ. என் ஓட்டு ஆல்டர்னேட்டருக்கு. ஒரு குறிப்பு: ஆல்டர்னேட்டர் போட்டால் டேஷ்போர்டின் சிவப்புச் சார்ஜ் விளக்கு வெறும் அலங்காரம் இல்லை. அந்தப் பல்பு வழியாக வரும் சிறு மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. பல்பு கருகியிருந்தால் சார்ஜ் ஏறாமலே போகலாம். இழை பல்பையே போடுங்கள், எல்இடி வேண்டாம்.

பெல்ட்டைத் திரும்ப மாட்டும்போது கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் சுமார் 15 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். புல்லியின் இரண்டு பாதிகளுக்கு நடுவில் எத்தனை வளையம் வைக்கிறீர்கள் என்பதில்தான் இந்த இறுக்கம். எஞ்சிய வளையங்களைப் புல்லியின் வெளிப்பக்கத்தில் நட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள், தொலையாது.

காயில், பல்புகள், மற்றவை

காயில் மாற்றுவது பத்து நிமிட வேலை. மின்தடை தனியாகக் கேட்காத, 3 ஓம் அளவுள்ள 12 வோல்ட் காயில் வாங்குங்கள். ஸ்விட்சிலிருந்து வரும் வயர் 15 என்று எழுதிய முனைக்கு, டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போவது 1 என்று எழுதியதற்கு. இந்த ஜெர்மன் எண்களைப் பழகிக்கொள்ளுங்கள், வண்டி முழுக்க உதவும்: 30 என்றால் எப்போதும் மின்சாரம், 15 என்றால் சாவி போட்டால் மின்சாரம், 31 என்றால் எர்த்.

பல்புகளுக்கு வண்டியை ஒரு முறை பிரதட்சிணம் வாருங்கள். முன்னால் ஹெட்லைட், பார்க்கிங், இண்டிகேட்டர். பின்னால் டெயில், பிரேக், இண்டிகேட்டர், நம்பர் பிளேட். உள்ளே கூரை விளக்கு. கடைசியில் ஸ்பீடோமீட்டருக்குள் ஒளிந்திருக்கும் குட்டிப் பல்புகள். இவைதான் வழக்கமாக விட்டுப்போகும். முன் பானெட்டைத் திறந்து, டேஷ்போர்டின் பின்பக்கத்திலிருந்து கை விட்டால் ஒவ்வொன்றாக ஹோல்டரோடு இழுபடும். விட்டுப்போன 6 வோல்ட் பல்பு, ஸ்விட்சைப் போட்டதும் வெள்ளையாக ஒரு மின்னல் காட்டிவிட்டுச் செத்துவிடும்.

ஹெட்லைட்டுக்கு அதே கழுத்துள்ள 45/40 வாட் 12 வோல்ட் பல்பு கிடைக்கும், கண்ணாடியும் கிண்ணமும் மாற்ற வேண்டாம். ஹாலஜன்தான் போடுவேன் என்று நிற்கிறவர்களுக்கு: முதலில் கிண்ணத்தின் உள்பூச்சைப் பாருங்கள். மங்கி, பழுப்பேறிய கிண்ணத்தில் எந்தப் பல்பைப் போட்டாலும் வெளிச்சம் அதற்குள்ளேயே செத்துவிடும். கிண்ணம் புதிதாக்கிவிட்டுச் சாதாரணப் பல்பைப் போட்டு ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் 60/55 வாட் ஹாலஜன் வேண்டுமென்றால் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி வயர் கொடுங்கள். அறுபது வருடப் பழைய ஸ்விட்சை அந்தச் சுமையைத் தூக்கச் சொல்லாதீர்கள்.

ஃபிளாஷர் பழையதைப் பிடுங்கிப் புதியதைச் சொருகுவதுதான். ஹாரன் 6 வோல்ட்டானாலும் கொஞ்ச நாள் கத்தும், அசாதாரணமாகக் கத்தும், பிறகு ஊமையாகும். சோக் சுருளில் 12 வோல்ட் என்று அடித்திருக்க வேண்டும். பழையதையே விட்டால் அளவுக்கு மீறிச் சூடாகி, சோக் சீக்கிரமே திறந்துவிடும். காலையில் என்ஜின் விக்கும்.

வைப்பரில் பலர் மின்தடை ஒன்றைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். நான் அதற்கு ஆதரவு இல்லை. மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருக்கும்; ஈரக் கண்ணாடியில் ஒரு வேகம், காய்ந்த கண்ணாடியில் இன்னொரு வேகம் என்று ஆகும். மின்தடையும் தொட முடியாத அளவு சூடாகும், டேஷ்போர்டுக்குப் பின்னால் துணி உறை வயர்களுக்கு நடுவே அதை வைக்க எனக்கு மனசு வராது. டர்பன் கோடை மழையில் வைப்பர் நின்றால் என்ன ஆகும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். 12 வோல்ட் மோட்டாரைத் தேடி வாங்குங்கள். கிடைக்கும்வரை 12-ஐ 6 ஆக்கிக் கொடுக்கும், போதுமான ஆம்பியர் தாங்கும் கன்வெர்ட்டர் ஒன்று போதும். பழைய வால்வு ரேடியோவைப் பாட வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் அதே கன்வெர்ட்டர்தான் வழி.

ஸ்டார்ட்டரை என்ன செய்வது?

விட்டுவிடுங்கள். 6 வோல்ட் பீட்டிலின் ஃபிளைவீலில் 109 பல், 12 வோல்ட் வண்டியில் 130. ஸ்டார்ட்டரை மாற்றினால் ஃபிளைவீலை மாற்ற வேண்டும், அதற்கு என்ஜினை இறக்க வேண்டும், கியர்பாக்ஸ் கூட்டுக்குள் உலோகத்தைச் சீவ வேண்டும், ஸ்டார்ட்டர் தண்டின் புஷ்ஷும் மாறும். பழைய 6 வோல்ட் ஸ்டார்ட்டர் 12 வோல்ட்டில் பல வருடம் ஓடும். சில நொடிதான் அதற்கு வேலை என்பதால் சூடேற நேரமில்லை. ஆனால் சீறிக்கொண்டு சுற்றும், பற்களில் மோதும். எனவே பழக்கத்தை மாற்றுங்கள்: என்ஜின் பிடித்த அந்த நொடியே சாவியை விடுங்கள். பிடிக்கவில்லை என்றால் மூன்று நான்கு நொடிக்கு மேல் அழுத்தாமல், கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி. என்றைக்காவது கிளட்ச் மாற்ற என்ஜின் கீழே இறங்கும்போது ஃபிளைவீலைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம்.

முதல் முறை மின்சாரம் கொடுப்பது

எல்லாம் மாட்டியாயிற்று. இப்போது கேபிளைச் சட்டென்று மாட்டாதீர்கள். 21 வாட் 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றுக்கு இரண்டு வயர் வைத்து, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் மைனஸ் கேபிளுக்கும் நடுவில் பிடியுங்கள். கதவெல்லாம் சாத்தி, ஸ்விட்சுகள் எல்லாம் அணைந்திருக்க, பல்பு எரியக் கூடாது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். பல்பு நடுவில் இருப்பதால் இரண்டு ஆம்பியருக்கு மேல் எதுவும் போகாது, எந்த வயரும் கருகாது. ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்துப் பாருங்கள், எதை எடுத்ததும் பல்பு அணைகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. எந்த ஃபியூஸுக்கும் அணையவில்லை என்றால் ஃபியூஸே இல்லாத வழிகளை, அதாவது ஸ்டார்ட்டருக்கும் டைனமோவுக்கும் போகும் தடித்த வயர்களைப் பாருங்கள்.

பல்பு இருட்டாக இருந்தால் கேபிளை நேராக மாட்டி, ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பாருங்கள். பிறகு என்ஜின். சிவப்பு விளக்கு கொஞ்சம் முடுக்கியதும் அணைய வேண்டும். நடுத்தர வேகத்தில் பேட்டரி முனையில் மீட்டர் 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் காட்டினால் நிம்மதி. 12.6-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் உடனே அணையுங்கள். ரெகுலேட்டர் தவறு அல்லது அதன் எர்த் சரியில்லை. அப்படியே விட்டால் பேட்டரி கொதிக்கும், அன்றைக்கு வாங்கிய பல்பெல்லாம் போகும்.

அடுத்து ஹெட்லைட்டைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி இறங்கினால் போதும். வந்ததும் ஃபியூஸ் பெட்டியையும், ஸ்விட்சின் பின்புறத்தையும், ரெகுலேட்டர் இணைப்புகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். எது சூடாக இருக்கிறதோ அங்கே இன்னும் அழுக்கு இருக்கிறது. ஹெட்லைட்டின் கோணத்தையும் சுவரில் அடித்துச் சரிசெய்யுங்கள். முன்பு மங்கலாக இருந்ததால் யாருக்கும் உறுத்தாத கோணல், இப்போது எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும். வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனையிலும் பிடிபடும்.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு

அமெரிக்க வண்டிகளில் செவர்லே 1955-லும் ஃபோர்டு 1956-லும் 12 வோல்ட்டுக்கு வந்தன. அதற்கு முந்தையவை 6. பழைய ஃபோர்டில் ப்ளஸ்தான் எர்த், பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றிலும் அப்படியே. சாதாரண ஆல்டர்னேட்டர் மைனஸ் எர்த் கேட்கும். எனவே அங்கே வோல்ட் மட்டும் இல்லை, திசையும் மாறுகிறது: காயிலின் இரண்டு வயரையும், ஆம்பியர் மீட்டரின் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும். பெட்ரோல் முள் மின்சாரத்தில் ஓடுவதால் அதற்கு வோல்ட் குறைக்கும் கருவி தேவை, ஹீட்டர் மோட்டாருக்கும் தனி ஏற்பாடு. மாரிஸ் மைனர்காரர்கள் கவலைப்பட வேண்டாம், அது பிறந்ததே 12 வோல்ட்டில்.

வேலை முடிந்த வண்டியில், பின் ஸீட்டுக்கு அடியிலும் என்ஜின் மூடியின் உள்பக்கத்திலும் "12 வோல்ட், மைனஸ் எர்த்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நடுவழியில் நின்று, நல்ல மனசுக்காரர் ஒருவர் தன் பக்கியை (பிக்கப் வண்டியை) நிறுத்தி ஜம்பர் கேபிளோடு வரும்போது, இது என்ன வோல்ட் என்று இருவரும் தலையைச் சொறிய வேண்டியதில்லை. இரண்டு வாரம் ஓட்டியபின் பெல்ட் இறுக்கத்தையும் டைனமோ ஸ்டாண்டின் நட்டுகளையும் மறுபடி பாருங்கள், புது பெல்ட் கட்டாயம் தளர்ந்திருக்கும். பேட்டரி முனைகளுக்குக் கிரீஸ் தடவுவதையும் அன்றைக்கே முடித்துவிடலாம்.